இல்லப் பணியும் இரண்டு நாழிகைச் சாமாயிகமும்



இல்லத்தில் இருந்தவாறே அலுவலகப் பணி புரிகின்றவர்களுக்குத் தியானத்தால் விளையும் பயன் யாது? இவ்வினாவை நம் சமுதாயத்து இளைஞர் சிலர் அண்மையில் எம்மிடம் எழுப்பினர். ஆசிரியப் பயிற்சி பெற்று முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற பழக்கத்தால், வினா ஒன்று வந்தவுடன் விடை கூறத் துடிக்கும் நா எமக்கு உண்டு. உடனே விடை கூறினோம். ஆனால் அவ்விடை பாதியே என்பதைப் பின்னர் எம் மருமகளிடமிருந்து கற்றுக்கொண்டோம். எஞ்சிய பாதியையும் சேர்த்து எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீடே பணியிடம்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாடெங்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, சென்னையிலும் பெங்களூரிலும் பணியாற்றிய நம் பிள்ளைகள் வந்தவாசிக்கும் ஆரணிக்கும் திண்டிவனத்திற்கும் கணிப்பொறியோடு திரும்பினர். பலர் பின்னர் அலுவலகம் சென்றுவிட்டனர். சிலர் இன்றும் வீட்டிலிருந்தே பணிபுரிகின்றனர். எம் மருமகளும் அவர்களுள் ஒருவர். தாமிரவருணி கடலை நெருங்கும் இடத்தில், வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் சூழ்ந்த ஆத்தூரில் எம் இல்லம் உள்ளது. இவ்வூர் வெற்றிலைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். நம்மவர் இல்லங்கள் இங்கு அருகில் இல்லை. ஜினாலயம் செல்ல நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டும். ஆகவே வீட்டுப் பூசையறையே எமக்கு ஆலயம். மாடியறையோ மருமகளுக்கு அலுவலகம்.

வீட்டில் இருந்து பொருளீட்டுவது புதிதன்று. கடலோரச் சிற்றூர்களில் பனையோலைப் பெட்டி முடையும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அவ்வாறே உழைத்தனர். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் யாம் சில ஆண்டுகள் பணியாற்றினோம். அங்கே தாய்மார் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவர். இரவில் தாய்க்குத் துணையிருந்த சிறுமியர் காலையில் முதல் பாடவேளையிலேயே கண்ணயர்வர். அக்காலத்தில் அதைச் சோம்பல் என்று கண்டித்திருக்கிறோம். வீட்டிற்குள் தொழில் புகுந்தால், வேலை முடியும் நேரம் என்று ஒன்று வீட்டிலுள்ள எவர்க்கும் இராது என்பதை அன்று யாம் உணரவில்லை.

இத்தகைய உழைப்பும் உழைப்பே என்று உலகம் ஏற்பதற்கே நெடுங்காலம் ஆயிற்று. இலா பட் அம்மையார் 1972இல் அகமதாபாத்தில் தொடங்கிய சேவா அமைப்பு முதலியவை இடைவிடாது வலியுறுத்திய பின்னரே, 1996ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இல்லத் தொழில் பற்றிய உடன்படிக்கையை நிறைவேற்றியது. கணிப்பொறி முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும் பனையோலை முடைந்த பெண்ணுக்கும் ஊதியத்தில் பெரும் வேறுபாடு உண்டு. ஆயினும் இருவரையும் குறித்து அக்கம்பக்கத்தார் கூறும் சொல் ஒன்றே: "வீட்டில்தானே இருக்கிறாள்!" இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

மனம் எப்போதும் தியானத்தில்தான் இருக்கிறது

தியானம் என்றவுடன் கண்மூடி அமைதியாக அமர்தல் என்றே பலர் கருதுவர். நம் ஆகமம் அவ்வாறு கூறவில்லை. உமாஸ்வாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில், ஒரு பொருளில் சிந்தையை நிறுத்துவதே தியானம் என்று வரையறுத்து, அதனை ஆர்த்தம், ரௌத்திரம், தருமம், சுக்கிலம் என நான்காக வகுத்தார். முன்னிரண்டும் பிறவியை வளர்ப்பன. பின்னிரண்டும் வீட்டிற்கு வழியாவன. ஆகவே கவலையும் ஒருவகைத் தியானமே. "எனக்குத் தியானம் செய்ய வராது" என்பவரும் நாள் முழுதும் ஆர்த்த தியானத்தில் தேர்ந்தவராகவே இருக்கிறார்!

ஆர்த்தம் நால்வகைப்படும். விரும்பாதது வந்து சேர்ந்தால் அது எப்போது நீங்கும் என்று ஏங்குவது ஒன்று. விரும்பியது பிரிந்தால் அதனையே நினைந்து வருந்துவது இரண்டு. உடல் நோவிலேயே உள்ளம் தங்குவது மூன்று. இனி வரவேண்டிய பயனை எண்ணி எண்ணி ஏங்குவது நான்கு; இதற்கு நிதானம் என்று பெயர். இப்போது மாடியறையைப் பாருங்கள். மேலதிகாரியின் செய்தி எப்போது வருமோ என்ற நடுக்கம். உடன் அமர்ந்து உண்ட தோழியர் இல்லாத தனிமை. கழுத்திலும் இடுப்பிலும் வலி. பதவி உயர்வு பற்றிய ஏக்கம். நான்கும் ஓர் அறைக்குள் உள்ளன. அலுவலகம் சென்று வருபவர்க்குப் பேருந்துப் பயணமேனும் ஓர் இடைவெளி தரும். வீட்டிலிருந்து பணிபுரிபவர்க்கு அதுவும் இல்லை. கணிப்பொறியை மூடிய கையே கரண்டியைப் பிடிக்கிறது. கரண்டி பிடிக்கும்போதும் காது கைப்பேசியின் ஒலிக்குக் காத்திருக்கிறது.

எல்லைக்குள் இருந்தும் எல்லை கடத்தல்

இல்லறத்தார்க்குரிய விரதங்களுள் தேசாவகாசிகம் என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட காலத்திற்கு இந்த வீடு, இந்தத் தெரு, இந்த ஊர் என எல்லை வகுத்துக்கொண்டு அதற்கு அப்பால் செல்லாதிருப்பதாகும். அதற்குரிய குற்றங்கள் ஐந்து. எல்லைக்கு வெளியே உள்ள பொருளைத் தருவித்தல். பிறரை வெளியே ஏவுதல். குரல் கொடுத்து வெளியில் உள்ளாரை அழைத்தல். தன் உருவத்தைக் காட்டிக் குறிப்புணர்த்தல். கல் முதலியவற்றை வீசித் தன் இருப்பை அறிவித்தல்.

எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட இப்பட்டியலைப் படிக்கும்போது நமக்கு வியப்பு மேலிடுகிறது. உடல் வீட்டிற்குள் இருக்கும்; குரல் தொலைபேசி வழியே கடல் கடக்கும்; உருவம் திரையில் தோன்றும்; பொருள்கள் ஒரு விரல் தொடுகையில் வாயிலுக்கு வரும். உடலைக் கட்டிவிட்டால் மட்டும் மனம் கட்டுப்படாது என்பதை அன்றே ஆசாரியர்கள் அறிந்திருந்தனர். பிழைப்புக்காகச் செய்யும் பணியைக் குற்றம் என்று யாம் கூறவில்லை. வீட்டில் இருத்தல் வேறு, இல்லத்தில் அமைந்திருத்தல் வேறு என்பதையே சுட்டுகிறோம்.

இதற்கு மருந்தே சாமாயிகம். அனைத்துயிரிடத்தும் சமமான நோக்கோடு, பாவச் செயல்கள் அனைத்தையும் குறித்த காலத்திற்குத் துறந்து, தன்னுள் அமர்தல் என்பது அதன் பொருள். வழக்கில் அதன் காலம் ஒரு முகூர்த்தம். அதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம். சமந்தபத்திர ஆசாரியர் ரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இதனை விரித்துரைக்கிறார். நம் தமிழில் அருங்கலச்செப்பும் அந்நெறியைப் பின்பற்றியே இல்லறத்தார் ஒழுக்கம் கூறுகிறது. சாமாயிகத்திற்கு இடையூறற்ற தனியிடம் வேண்டும் என்று கூறும் ஆசாரியர், காட்டையும் சைத்தியாலயத்தையும் மட்டும் குறிப்பிடவில்லை; வீட்டையும் சேர்த்தே குறிப்பிடுகிறார். கூந்தலையோ ஆடையையோ முடிந்துகொண்டு அமர்வது காலத்தின் எல்லைக்கு அடையாளம் என்கிறார். அவ்வேளையில் இல்லறத்தான், மேலே துணி போர்த்தப்பட்ட முனிவனைப் போன்றவன் என்கிறார். எத்துணை உயர்ந்த இடத்தை நமக்கு அளித்துள்ளார் பாருங்கள்!

சாமாயிகத்திற்கும் ஐந்து குற்றங்கள் உண்டு. மனம் வேறிடம் செல்லல், வாய் வேறு பேசல், உடல் நிலைகொள்ளாமை, ஈடுபாடின்மை, செய்வதையே மறத்தல் என்பன அவை. இவ்வைந்தையும் தேசாவகாசிகத்தின் ஐந்தையும் ஒரு நாள் மருமகளுக்குப் பாடமாகவே நடத்தினோம். நாள்தோறும் இரண்டு நாழிகை அமர்ந்தால் கவலை நீங்கும் என்றும் அறிவுரை கூறினோம். அவரும் பொறுமையுடன் கேட்டுக்கொண்டார்.

பால் பொங்கிய மாலை

எம் மருமகளுக்குப் பிற்பகல் 2 மணிக்குப் பணி தொடங்கி இரவு 11 மணிக்கு முடியும். மாலை ஆறரை மணிக்கு அயல்நாட்டு அதிகாரிகளோடு கூட்டம் நடைபெறும். இரவு உண்ணாமை நம் குலவொழுக்கம் ஆதலின் கதிரவன் மறையுமுன் உணவு முடிய வேண்டும். ஆகவே பணியின் இடையிலேயே இறங்கி வந்து சமைத்து, அனைவர்க்கும் பரிமாறி, தாமும் இரண்டு கவளம் உண்டு, மாடிக்கு விரைவார். அதன்பின் யாம் பூசையறையில் மாலைச் சாமாயிகத்திற்கு அமர்வோம்.

அன்று உறை ஊற்றுவதற்காகப் பாலை அடுப்பில் வைத்திருந்தார்கள். பஞ்ச நமஸ்காரத்தை நினைந்து அமர்ந்திருந்த எமக்குப் பால் தீயும் வாசனை எட்டியது. அமர்ந்த இடத்தில் இருந்தே, "அம்மா, பால் பொங்குகிறது, பார்!" என்று குரல் கொடுத்தோம். அவர் கூட்டத்தின் நடுவே எழுந்து ஓடிவந்தார். திரையில் அவர் இருக்கை வெறிதாயிற்று. அதிகாரி காரணம் வினவினார் என்பது பின்னர் தெரிந்தது. அவர் அடுப்பை அணைத்தார். மீண்டும் மேலே சென்றார். யாம் சாமாயிகத்தைத் தொடர்ந்தோம்.

இரவு பணி முடிந்து இறங்கி வந்தவர் சினமின்றிக் கூறினார்: "அத்தை, நீங்கள் சொன்ன குற்றங்களை எல்லாம் கேட்டேன். எனக்கும் இரண்டு நாழிகை அமர விருப்பம்தான். உங்களுக்கு அந்த இரண்டு நாழிகையை நான் தருகிறேன். எனக்கு அதை யார் தருவார்கள்?"

எம் வாழ்நாளில் வினாவுக்கு விடையின்றி நின்ற வேளைகள் சில. அது அவற்றுள் ஒன்று. தேர்வுத்தாள் திருத்துவது போல எம்மை யாமே திருத்திப் பார்த்தோம். மனம் பாலுக்குச் சென்றது ஒரு குற்றம். வாய் பேசியது மற்றொன்று. இவை சிறியன. பெரிய குற்றம் வேறு. வீட்டில்தானே இருக்கிறாள் என்ற எண்ணம் எம்முள்ளும் இருந்தது. அவருடைய பணியைப் பணியாகவும் அவருடைய காலத்தை அவருடையதாகவும் யாம் மதிக்கவில்லை. அனைத்துயிரிடத்தும் சமநோக்கு என்று கண்மூடி எண்ணிய அதே வேளையில், ஒரு சுவருக்கு அப்பால் இருந்த உயிரிடத்தில் சமநோக்குத் தவறினோம். சமம் இல்லாத சாமாயிகம் வெறும் அமர்வே அன்றோ?

பயன் கருதலாமா?

இனி, தொடக்கத்து வினாவிற்கு வருவோம். தியானத்தால் பயன் உண்டு என்பதை மருத்துவ உலகமும் ஓரளவு ஏற்கிறது. அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, 3,515 பேர் பங்கேற்ற 47 ஆய்வுகளை ஒப்புநோக்கியது. மனப்பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை தியானப் பயிற்சியால் ஓரளவு குறைகின்றன என்று கூறியது. ஆனால் உடற்பயிற்சி, மருந்து போன்ற பிற முறைகளைவிடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றும் அதுவே கூறியது. இவ்விரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் வாய்மை. கடும் மனச்சோர்வு உற்றவர் மருத்துவரை நாடுதல் வேண்டும். அதற்குத் தியானம் தடையன்று, மாற்றும் அன்று.

இப்பயனைக் கருதிப் பல நிறுவனங்கள் தம் பணியாளர்க்குத் தியானம் பயிற்றுவிக்கின்றன. நன்றே. ஆயினும், மேலும் இரண்டு மணி நேரம் களைப்பின்றி உழைக்கலாம் என்பதற்காகத் தியானம் செய்தால், அது நம் நெறியில் நிதானம் ஆகிவிடும். நிதானம் மனத்தில் தைத்த மூன்று முட்களுள் ஒன்று. மேலே கண்ட ஆர்த்தத்தின் நான்காம் வகையும் அதுவே. கவலையைத் தீர்க்க வந்த மருந்தே கவலையின் வடிவம் கொள்ளும்.

மற்றொன்றும் கூறவேண்டும். வாரத்திற்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததன் விளைவாக, 2016ஆம் ஆண்டில் மட்டும் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் சுமார் 7,45,000 பேர் உயிரிழந்தனர் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணித்தன. அளவிறந்த உழைப்பைத் தாங்கிக்கொள்வதற்குத் தியானம் என்பது பொருந்தாது. அளவு வகுத்தலே முதல் அறம். பணி நேரம் கடந்தபின் அலுவலகத் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பிரான்சு நாடு 2017இல் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பொருளுக்கு அளவு, செல்லும் திசைக்கு அளவு, நுகர்ச்சிக்கு அளவு என்று விரதம் வகுத்த நமக்கு உழைக்கும் நேரத்திற்கும் அளவு உண்டு என்பது புதிய கருத்தன்று.

அவ்வாறாயின் சாமாயிகத்தின் பயன்தான் யாது? எல்லை அழிந்த வீட்டில் அது ஓர் எல்லையை மீண்டும் நிறுவுகிறது. இந்த இரண்டு நாழிகையில் நான் ஊழியரும் அல்லேன், மருமகளும் அல்லேன், தாயும் அல்லேன். அறிதலும் காண்டலும் இயல்பாக உடைய ஓர் ஆன்மா என்னும் நினைவை அது தருகிறது. இதனினும் பெரிய பயனை நாம் தேட வேண்டியதில்லை.

கயிறு பிடிப்பவர்

இக்கடற்கரையில் முன்னாளில் முத்துக்குளித்தவர் மூச்சடக்கி மூழ்கியதைத் தியானத்திற்கு உவமையாகக் கூறுவர். சிப்பியாகிய உயிரைக் கொன்று பெறும் பொருளை உவமையாகக் கொள்ள நம் மனம் ஒப்பவில்லை. ஆயினும் அதில் ஒன்றைக் கற்கலாம். மூழ்குபவன் தனியே மூழ்குவதில்லை. படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்து விழித்திருப்பார். அவர் கவனத்தை நம்பியே இவன் ஆழம் செல்கிறான். இல்லத்தில் தியானமும் அவ்வாறே. ஒருவர் அமர, மற்றொருவர் கயிறு பிடிக்க வேண்டும்.

மறுநாளே எம் இல்லத்தில் ஒழுங்கு வகுத்தோம். சாமாயிகத்திற்குக் காலை, நண்பகல், மாலை என முப்பொழுதும் உரியன ஆதலின், மருமகள் நண்பகலைத் தேர்ந்தார். அந்த 48 நிமிடம் அடுப்பும் வாயிலும் தொலைபேசியும் எம் பொறுப்பு. மாலையில் பாலும் குழந்தையும், தூத்துக்குடியில் பணி முடித்துத் திரும்பும் மகனின் பொறுப்பு. யாம் பொழுது விடியுமுன் அமர்கின்றோம்; எவரையும் அழைக்க நேராத வேளை அது.

காவல் இருத்தல் எளிது என்று கருதினோம். முதல் நாளே பொதி கொணர்பவர், காய்கறி விற்பவர், அடுத்த வீட்டு அம்மையார் என மூவர் வந்தனர். "வீட்டில்தானே இருக்கிறாள், கூப்பிடுங்களேன்" என்றார் அடுத்த வீட்டு அம்மையார். "இருக்கிறாள், ஆனால் இப்போது அழைப்பதற்கில்லை, சற்று நேரம் கழித்து வாருங்கள்" என்றோம். எளிய சொற்கள்தாம். அவற்றைச் சொல்ல எமக்கு எழுபது வயது கடக்க வேண்டியிருந்தது.

சில திங்கள் கழித்து, பயன் ஏதும் உண்டா என்று மருமகளிடம் வினவினோம். "கவலை வருவது நிற்கவில்லை, அத்தை. ஆனால் வரும்போது, வருகிறது என்று தெரிகிறது. முன்பெல்லாம் அது வந்ததே தெரியாது, நானே கவலையாக இருப்பேன்" என்றார். ஆர்த்த தியானத்தை ஆர்த்தம் என்று அறிவதே தரும தியானத்தின் வாயில் அன்றோ? யாம் நூல் கொண்டு விளக்கியதை அவர் இரண்டு தொடரில் விளக்கிவிட்டார்.

இவ்வழக்கத்தை மேற்கொள்ள விரும்புவோர்க்குச் சில கூறுவோம். நேரத்தை வீட்டார் அனைவரும் அறியுமாறு முன்கூட்டியே கூறிவிடுக. கைப்பேசியை வேறறையில் வைத்திடுக. முந்தானையிலோ மேலாடையிலோ ஒரு முடிச்சிட்டு அமர்க. முடிச்சை அவிழ்க்கும்வரை எழுதல் இல்லை. தொடக்கத்தில் இரண்டு நாழிகை இயலாதாயின் கால் நாழிகையேனும் அமர்க. அமரும் முன் ஒரு வினாவை எழுப்புக: இன்று எனக்காகக் கயிறு பிடிப்பவர் யார்? நான் யாருக்காகப் பிடித்தேன்?

எம் மாவட்டத்தின் வடமேற்கே உள்ள கழுகுமலைக்குச் செல்வோர், பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களைக் காணலாம். கி.பி. 8ஆம் நூற்றாண்டளவில் தொடங்கிய திருப்பணி அது. அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் குரத்தியார் எனப்பட்ட பெண்பால் ஆசிரியர்களும் இடம்பெற்றுள்ளனர். தியானத்தில் அமர்ந்த உருவத்திற்குக் கீழே அதனைச் செய்வித்தவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அமர்ந்தவரை மட்டும் போற்றி, அமர வைத்தவரை மறந்துவிடவில்லை நம் முன்னோர். நம் இல்லங்களிலோ, நாம் அமர்வதற்கு இடம் தருபவர் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. அவர் அடுக்களையிலோ மாடியறையிலோ இருக்கிறார். இன்று அவருக்கு இரண்டு நாழிகை ஈந்து பாருங்கள். அதுவும் சாமாயிகமே.

அனைத்துயிர்க்கும் அமைதி உண்டாகுக!